உடல் வராதவர்களின் சுவர்

எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு என் வேலைக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். "அன்ரி, ஸ்வீட் மெமரீஸ் மாதிரி ஏதாவது எழுதுங்கோ. ரெண்டு பேஜ் காணும்," என்றாள். சரி என்றேன். போனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னாள். "வடக்குச் சுவரில பெரிய ஸ்கிரீன் ஒண்டு போடப்போறம் அன்ரி. அந்தப் பழைய கல்லுகளைக் கழட்டி பேஸ்மென்ற்றில சேஃபா வைக்கிறதெண்டு கமிற்றி முடிவெடுத்திருக்கு. அதைப் பற்றியும் ஒரு வரி போட்டால் நல்லாயிருக்கும்."

பேஸ்மென்ற்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஆகவே பிள்ளைகளே, இது இனிப்பான நினைவு அல்ல, இரண்டு பக்கத்தில் அடங்கவும் மாட்டாது. அச்சிடுவதானால் முழுதாக அச்சிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிடுங்கள், எனக்குக் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் பயிற்சி என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவள் நான். கனடாவுக்கு வந்த புதிதில் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். பிறருடைய மேசையைத் துடைக்கும்போது மேசையில் இருக்கும் எதையும் பார்க்கக் கூடாது என்பதுதான் அங்கே படித்த பாடம். பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்தத் தேவாலயத்தில் கேர்டேக்கர் வேலை கிடைத்தது. அங்கே பாடம் தலைகீழாக இருந்தது.

இன்றைக்கு நாலு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்கும் இந்தக் கட்டடம், ஸ்காபரோ முடிந்து பிக்கரிங் தொடங்குகிற இடத்தில், ஒரு காலத்தில் வயல்களுக்கு நடுவே தனியாக நின்ற கிராமத்துக் கோயில். வேல்ஸ் நாட்டிலிருந்து பயிர் செய்ய வந்த கமக்காரர்கள் கட்டியது. நான் சேர்ந்தபோது அவர்களுடைய சபையில் ஒரு கைப்பிடி வயதானவர்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். காலையில் அவர்கள் ஆராதனை நடத்துவார்கள். பின்னேரம் எங்கள் தமிழ்ச் சபைக்கு வாடகைக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எல்லாரும் வெள்ளைக்காரர்தான். நானும் முதல் நாள் கோயில்விசாரிப்பாளர் பிரிச்சர்டிடம், "உங்கள் இங்கிலிஷ் சேர்ச் வடிவாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. தாங்கள் ஆங்கிலேயர் இல்லை என்றும், தங்களுக்கென்று ஒரு மொழி உண்டென்றும், அதைப் பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகத் தன் பாட்டனார் அடி வாங்கினார் என்றும் சொன்னார். எனக்கு அந்தக் கதை விளங்க நேரம் எடுக்கவில்லை.

பிரிச்சர்ட் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெயில் காலத்திலும் டை கட்டுவார். பாராட்டத் தெரியாத மனிதர். வேலை சரியென்றால் "ம்" என்பார். பிழையென்றால் ஒன்றும் சொல்லாமல், தானே துணியை எடுத்து முதலிலிருந்து தொடங்குவார். ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நான் வேலை பழகினேன்.

தரை, யன்னல், சனம் உட்காரும் வாங்கு எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைகள். தெரியாதது வடக்குச் சுவர். அங்கே சிலேட்டுக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. நாங்கள் அரிவரியில் எழுதிய அதே சிலேட்டுத்தான், ஆனால் தேநீர் எடுத்து வருகிற தட்டளவுக்குப் பெரியது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவழைத்து எழுத்து வெட்டியவை. அவற்றுக்குச் சவர்க்காரம் கூடாது. கடையில் விற்கிற எந்தத் திரவமும் கூடாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், பலமுறை தோய்த்து மெத்தென்றான பருத்தித் துணி, எழுத்தின் குழிகளுக்குக் குழந்தைப்பிள்ளையின் பல் பிரஷ். மேலிருந்து துடைத்தால் அழுக்குத் தண்ணீர் கோடு கோடாக வழிந்து காய்ந்த கல்லில் ஊறிவிடும் என்பதால், கீழிருந்து மேலே நனைத்துக்கொண்டு போக வேண்டும். நனைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். வசந்தத்தில் ஒருமுறை, இலை கொட்டும் காலத்தில் ஒருமுறை.

இவ்வளவும் கைவேலை. இதற்கு மேலே ஒரு விதி இருந்தது. ஒரு கல்லில் கை வைக்குமுன் பிரிச்சர்ட் தொப்பியைக் கழற்றி, அதிலிருக்கிற பெயரை உரத்து வாசிப்பார். பிறகுதான் துணியை நனைப்பார். நான் முதல் தடவை வாயைத் திறக்காமல் துடைக்கத் தொடங்கியபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாசி."

"எனக்கு உங்கள் மொழி தெரியாதே."

"பெயர் வாசிக்க மொழி தெரியத் தேவையில்லை. வாசிக்காமல் துடைப்பதற்கு இது என்ன சாப்பாட்டு மேசையா?"

எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். அநேகமான கற்கள் 'எர் கோவ் அம்' என்று தொடங்கும். 'நினைவாக' என்று அர்த்தம். அதற்குக் கீழே ஆளின் பெயர், அதற்கும் கீழே அவர் வாழ்ந்த பண்ணையின் பெயர். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு வளவுக்கும் பெயர் இருப்பது போல அவர்களுக்கும் இருந்திருக்கிறது. நான் பிழையாகச் சொன்னால் பிரிச்சர்ட் திருத்துவார், திருத்திய பிறகு மறுபடி சொல்லச் சொல்வார். ஒரு கல்லுக்கு அரைவாசிக் காலை போய்விடும்.

வெளியே மயானத்தில் இத்தனை கல்லறைகள் இருக்க, உள்ளே ஏன் கல் என்று ஒருநாள் கேட்டேன். வெளியே கல்லறை உள்ள எவருடைய பெயரும் இந்தச் சுவரில் இல்லை என்றார் அவர். ஏரியில் மூழ்கியவர்கள், யுத்தத்துக்குப் போய் எந்த மண்ணில் கிடக்கிறார்கள் என்று தெரியாதவர்கள், வடக்கே மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்கள் ஆகியோருக்குத்தான் அந்தச் சுவர். உடல் வராத ஆட்களுக்கு வேறு இடம் இல்லை என்று சொன்னார்.

அன்றைக்கு நான் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அது எந்தக் காலம் என்று உங்கள் அம்மா அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், ஊரில் யுத்தத்தில் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத ஒருவரைப் பற்றிச் சொல்ல அங்கே ஒருவர் இருந்தார். போனவர்களுக்குச் செத்த வீடும் இல்லை, எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவும் இல்லை. நினைவு நாள் வைக்கலாமா என்று கேட்டாலே, பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான் என்று தாய்மார் அடிக்க வருவார்கள். அப்படிப்பட்ட ஆட்களுக்கென்று ஒரு சுவரை ஒரு சிறு சனம் ஒதுக்கி வைத்திருந்ததே என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வரிசையில் ஒரு கல் இவான் பரி என்கிற இளைஞனுடையது. சரக்குப் படகில் வேலைக்குப் போய், ஒன்ராறியோ ஏரியில் படகோடு போனவன். அவனுடைய தங்கைதான் குவென் பரி. நான் அறிந்தபோது எண்பதைத் தாண்டிய, கலியாணம் செய்யாத, முதுகு நிமிர்ந்த பெண்மணி. எந்த ஞாயிறும் அந்தக் கல்லுக்கு நேர் கீழேதான் உட்காருவா. வேல்ஸ்காரருக்குக் குருத்தோலை ஞாயிறன்று கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கிற வழக்கம் உண்டு. மற்றவர்கள் வெளியே பனியும் சேறுமாகக் கிடக்கும் மயானத்துக்குப் போக, குவென் மட்டும் மஞ்சள் டஃபொடில் பூக்களோடு உள்ளே வந்து, சுவரின் அடியில் வைத்துவிட்டுப் போவா.

பிறகு அவர்களுடைய சபை அடியோடு ஓய்ந்தது. கட்டடத்தை எங்கள் தமிழ்ச் சபை வாங்கியது. பிரிச்சர்ட் எங்கள் சேர்மனின் கையைப் பிடித்து, "அந்தச் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "நோ ப்ரொப்ளம், நோ ப்ரொப்ளம்" என்றார் சேர்மன். அதன் பிறகு பிரிச்சர்ட் ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். குவென் வேறு சபையில் சேர்ந்தா. குருத்தோலை ஞாயிறன்று மட்டும் டாக்சி பிடித்துக்கொண்டு பூவோடு வருவா.

சேர்மனின் பெயர் ஞானரத்தினம். கணக்காளர். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த புதிதில் எத்தனையோ குடும்பங்களுக்கு அகதி வழக்குக்கு உதவி செய்தவர். ஆனால் எங்கள் சனத்தின் வியாதி அவரையும் பிடித்திருந்தது. சைவக் கோயிலில் அதை உபயம் என்பார்கள், நாங்கள் அன்பளிப்பு என்போம். எதையாவது கொடுத்தால் அதில் பெயர் எழுத வேண்டும். மின்விசிறியின் இறகில் எழுதிய பெயர், விசிறி சுழலும்போது ஒருவருக்கும் தெரியாமல் போகிறதே என்று கமிற்றியில் முறைப்பாடு வந்ததைக் காதால் கேட்டவள் நான். எல்லாருடைய பெயரையும் ஒரே கறுப்புக் கிரனைட் பலகையில் தங்க எழுத்தில் போட்டு, எல்லாருடைய கண்ணிலும் படும் இடத்தில் பதிப்பது என்று முடிவானது. கண்ணில் படும் இடம் என்றால் வடக்குச் சுவர்.

அந்தக் கூட்டத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர்மன் அண்ணை, அங்க ஏற்கெனவே கல்லுகள் இருக்கெல்லோ?"

"ஓம் அக்கா, உது உவையின்ர உபயப் பலகையள்தானே. உவையின்ர காலம் முடிஞ்சுது. இனி எங்கட ஆக்களின்ர பேர் வரட்டன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவரில் பெயரோடு ஒரு கல்லைக் கண்டால், ஏதோ கொடுத்தவன் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான் என்று நினைக்க எங்களால் மட்டும்தான் முடியும்.

"உது உபயமில்லை அண்ணை. செத்த ஆக்கள்."

"செத்த ஆக்கள் எண்டால் வெளியில மயானம் இருக்குத்தானே? அங்க கொண்டுபோய் வைக்கலாம்."

"அவையளுக்கு அங்க கல்லறை இல்லை. உடம்பு வரேல்லை..."

அதற்குள் யாரோ, குருத்தோலை ஞாயிறன்று வைக்கப்போகிற திறப்பு விழாவுக்கு மட்டன் றோல்ஸா, மரக்கறி றோல்ஸா என்று கேட்டுவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு காலத்தில் மட்டன் கொடுக்கலாமா என்று அந்த விவாதம் கிளம்பியது. சுவரைப் பற்றிய பேச்சு அரை நிமிடம் நடந்தது என்றால் றோல்ஸைப் பற்றிய பேச்சு தேநீர் ஆறும்வரை நடந்தது. கடைசியில் நான் மறுபடி கேட்டபோது சேர்மன், "பாப்பம் அக்கா" என்றார். "பாப்பம்" என்றால் எங்கள் ஆட்களின் வாயில் என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தும் நம்பினேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒஷாவாவுக்குப் போய் பிரிச்சர்டைப் பார்த்தேன். சக்கர நாற்காலியிலும் டை கட்டித்தான் இருந்தார். "வசந்தத் துடைப்பு முடிந்ததா?" என்று கேட்டார். நாளைக்குச் செய்யப்போகிறேன் என்றேன். "ம்" என்றார்.

மறுநாள் துணியும் வாளியுமாக உள்ளே போனால், வடக்குச் சுவரில் ஒரு கல்லும் இல்லை. பதித்திருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு உரிந்து, மேலே புதுப் பூச்சை அவசரமாக இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் பெரிய பலகை, சிவப்புக் காஞ்சிபுரம் சேலையால் மூடிக் கட்டியபடி. முந்தின நாள் நான் இல்லாத நேரத்தில் தொண்டர்கள் வந்திருக்கிறார்கள். கற்கள் பேஸ்மென்ற்றில், கட்டடத்தைச் சூடாக்கும் பேர்னஸ் அறைக்குள், பனிக்குப் போடுகிற உப்பு மூட்டைகளுக்கும் பனி அள்ளுகிற சவள்களுக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடப்பாரையால் நெம்பியிருக்க வேண்டும். மேலே கிடந்த கல் குறுக்கே வெடித்திருந்தது. இவான் பரியின் பெயர் இரண்டாகப் பிளந்திருந்தது.

நான் சேர்மனுக்குப் போன் எடுத்தேன். என் வாயில் வந்த எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது.

"எங்கட சனத்தின்ர கல்லறையளை இடிச்சுப்போட்டாங்கள் எண்டு பனிக்குள்ள பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்ட ஆக்கள்தானே நாங்கள்? உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

"அக்கா, உதையும் இதையும் போட்டுக் குழப்பாதேங்கோ. நாளைக்கு விழா. முடியக் கதைப்பம்," என்று வைத்துவிட்டார். சாவியை அவருடைய முகத்தில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நாளைக்குக் குவென் வருவாவே என்ற ஒரே நினைப்புத்தான் என்னை நிறுத்தியது. அவவுக்குப் போன் எடுத்தேன். குரல் கேட்டதும் நலம் மட்டும் விசாரித்துவிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சனம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் குருத்தோலைச் சிலுவைகளோடு ஓடித் திரிந்தார்கள். ஆராதனை முடிய, சேர்மன் போய்ச் சேலையை இழுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவு திறந்தது. குவென் பரி, கறுப்பு மேலங்கியும் மஞ்சள் பூவுமாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடுப்பாதையால் வந்தா. கைதட்டல் ஓய்ந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா விழாவுக்கு வந்திருக்கிறா என்று நினைத்து வழி விட்டார்கள்.

அவ தன் வழக்கமான இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தா. கல் இல்லை. தெரியாத எழுத்தில் ஒரு பலகை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டா.

"பெயர்கள்," என்றேன்.

"வாசி."

பிரிச்சர்டின் ஆட்கள் எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான் போலிருக்கிறது. முதல் வரியை வாசித்தேன். அது வரைக்கும் அந்தப் பலகையில் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது. 'காணாமற்போன தம்பி அருள்ரத்தினம் நினைவாக' என்று இருந்தது. கீழே கொடுத்தவரின் பெயர், ஞானரத்தினம். இத்தனை வருடம் பழகிய மனிதர், இப்படி ஒரு தம்பி இருந்ததாக ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். 'நினைவாக' என்பதற்கு மட்டும் எனக்கு வாயில் வந்தது அவவின் மொழிதான். "எர் கோவ் அம்," என்றேன்.

குவென் கேட்டா, "அந்தப் பையன் திரும்பி வரவில்லையா?"

"இல்லை."

"உடலும் வரவில்லையா?"

"இல்லை."

அவ பூங்கொத்தின் நூலை அவிழ்த்து, அதில் பாதியைப் பிரித்து, குனிய முடியாமல் குனிந்து அந்தப் பலகையின் அடியில் வைத்தா. நிமிர்ந்து, மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டா.

"இவான் எங்கே?"

சேர்மன் ஐந்து அடி தள்ளி நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னைப் பார்த்து, "அக்கா, நான் உது உபயமெண்டெல்லோ நினைச்சனான்," என்றார்.

"நான் சொன்னனான். நீங்கள் றோல்ஸ் கதைச்சுக்கொண்டிருந்தியள்."

அதைச் சொன்னதற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை.

பேஸ்மென்ற் படியால் குவெனின் ஒரு கையை நானும் மறு கையை சேர்மனும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பலகையில் வாசித்தது இவருடைய தம்பியைத்தான் என்று படியில் அவவுக்குச் சொன்னேன். பேர்னஸ் அறையின் விளக்கைப் போட்டேன். உப்பு மூட்டைகளுக்கு நடுவே பிளந்து கிடந்த கல்லை அவ பார்த்தா. அழுவா என்று நினைத்தேன், ஏசுவா என்றும் நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவ கையை நீட்டித் துணி கேட்டா. வாளித் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணனின் பெயரை உரத்து வாசித்தா. பிறகு கீழிருந்து மேலே, வெடிப்பில் தண்ணீர் இறங்காமல், மெதுவாகத் துடைத்தா. துடைத்து முடித்து, துணியைச் சேர்மனின் கையில் கொடுத்தா.

"உன் தம்பியின் பெயர் என்ன?" என்று கேட்டா.

சொன்னேனே, பலகையில் தங்க எழுத்தில் வெட்டி வைத்த பெயர். அந்த மனிதருக்கு அதை வாயால் சொல்ல வரவில்லை. "அருள்..." என்று தொடங்கி உப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் முடித்துச் சொல்லும் வரைக்கும் குவென் அவரை விடவில்லை. மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிக்கரிங்கிலிருந்து ஒரு கல்வேலைக்காரரை ஞானரத்தினம் தானே பிடித்து வந்தார். கற்கள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. இவானின் கல்லில் வெடிப்பு இன்றைக்கும் தெரியும். உபயப் பலகை வாசல் மண்டபத்துக்குப் போனது, முதல் வரி இல்லாமல். அந்த வரிக்காக, வரிசையின் கடைசியில், மற்றக் கற்களின் அதே அளவில் ஒரு சிலேட்டுக் கல் ஏறியது. குவெனிடம் அனுமதி கேட்டுத்தான் ஏற்றினோம். அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தாய் வந்து, "எங்கட பிள்ளைக்கும் அதில ஒரு இடம் கிடைக்குமோ?" என்று என் காதோடு கேட்டா. பிறகு இன்னொரு வீட்டார். நினைவு நாள் என்ற பேச்சுக்கே அடிக்க வந்த தாய்மார்தான் கேட்டார்கள். வேல்ஸ்காரரின் வரிசைக்குக் கீழே எங்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. சனம் நிறைய வந்தால் சபைக்குச் சந்தோஷம். அந்தச் சுவர் நிறைவது எனக்கு ஒருநாளும் சந்தோஷமாக இருக்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கற்களைத் துடைத்தேன். தம்பியின் கல்லை மட்டும் ஞானரத்தினம் என்னிடம் விடமாட்டார். டை கட்டிக்கொண்டு வந்து, பெயரை வாசித்து, தானே துடைப்பார். குவென் போன பிறகு இவானின் கல்லையும் அவரே ஏற்றுக்கொண்டார். இப்போது அவரும் இல்லை.

இன்றைய கமிற்றியில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தேன். அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகள். பாட்டு வரிகள் தெளிவாகத் தெரிய ஸ்கிரீன் வேண்டுமாம். தெற்குச் சுவர் என்ன பாவம் செய்தது? அங்கே வெயில் படுகிறதாம், படம் மங்குமாம். படம் மங்கக் கூடாது என்பதற்காக உங்கள் வீட்டு ஆட்களையே உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கப்போகிறீர்கள். ஞானரத்தினத்துக்காவது அது என்னவென்று தெரியாது. சொல்லித் தப்ப உங்களுக்கு என்ன சாட்டு?

நான் போராட வரவில்லை, என் முழங்கால் அதற்கு இடம் கொடாது. கட்டடம் உங்களுடையது, சுவரும் உங்களுடையது, கழற்றுங்கள். அந்தச் சுவரின் பழைய விதி ஒன்றை மட்டும் விடாதீர்கள். கடப்பாரையை வைக்குமுன், ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்று, அதிலிருக்கிற பெயரை உரத்து வாசியுங்கள். வெல்ஷ் பெயரில் தடக்கினால் வந்து சொல்லித் தருகிறேன். தமிழ்ப் பெயரில் தடக்கினால் வீட்டில் கேளுங்கள். கடைசிக் கல்வரை வாசித்து முடித்த பிறகும் கை ஓடினால், கழற்றுங்கள்.